மாஸ்ரரிட்டக் கேளுங்கோ: முன்வரிசையில கையை ஊண்டி நிக்கிறவன்

போன இதழில கபடி பற்றி எழுதேக்க, வாறவனை மடக்கிப் பிடிக்கிறவன்ர காலுக்கு எவ்வளவு வேலை எண்டு சொல்லிப்போட்டு, அமெரிக்கன் புட்போல்ல டிபென்சிவ் லைன்மன் எண்டு ஒருத்தன் நிப்பான், அவன்ர பாடும் இதுதான் எண்டு ஒரே ஒரு வரி எழுதினனான். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் எல்லாத்தில இருந்தும் கேள்வி வந்திட்டுது, வட்ஸ்அப்பில வொயிஸ் போட்ட ஆக்களும் இருக்கினம். அதால இந்தமுறை முழுக்க இதுதான். நான் இந்த விளையாட்டைப் பாக்கத் தொடங்கினது ரொறன்ரோவில அக்கா வீட்ட ஒரு குளிர்காலம் போய் நிண்டபோது. வெளியில கால் வைக்கேலாத பனி, மருமோன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில இருந்து இரவு மட்டும் ரிவிக்கு முன்னால, நானும் பக்கத்தில குந்தியிருந்து ஒண்டும் விளங்காமப் பாத்து, மூண்டாவது கிழமை பந்தைப் பாக்கிறதை விட்டிட்டு முன்னுக்கு நிக்கிற பெரிய உடம்புக்காரரைப் பாக்கத் தொடங்கினன். அண்டைக்குத்தான் விளையாட்டு விளங்கினது.

கேள்வி: பந்தைக் கையில கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடிப்போட்டு அதுக்குப் புட்போல் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். றக்பிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் சொல்லுற ஆள் எங்க நிப்பார்? (முறிகண்டியில கடை வைச்சிருக்கிற ஒரு ஐயா)

ஐயா, றக்பியை விடுங்கோ, எங்கட கிளித்தட்டை நினையுங்கோ. குறுக்குக் கோட்டில நிக்கிறவன் கோட்டை விட்டு வெளிக்கிடேலாது, ஆனா அவனைத் தாண்டாம ஒருத்தரும் அங்கால போகவும் ஏலாது. டிபென்சிவ் லைன்மன் அந்தக் கோட்டுக்காரன் மாதிரி, வித்தியாசம் என்னெண்டா இவனுக்குக் கோட்டை உடைச்சுக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குள்ள இறங்கிற உரிமையும் இருக்கு.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார் நீளம், ரெண்டு தொங்கலிலயும் இன்னும் 10 யார் இருக்கு, பந்தோட அதுக்குள்ள போய்ச் சேந்தாத்தான் பெரிய புள்ளி. பந்து வைச்சிருக்கிற பக்கத்துக்கு நாலு சந்தர்ப்பம், அந்த நாலுக்குள்ள 10 யார் முன்னேறினாத் திரும்ப நாலு கிடைக்கும், முன்னேறாட்டிப் பந்து மற்றப் பக்கத்துக்கு. றக்பியில முன்னுக்கு எறியேலாது, பந்து நிக்காம ஓடிக்கொண்டே இருக்கும். இதில ஒவ்வொரு முறையும் நிண்டு, வரிசை கட்டி, பேந்து தொடங்கும், பந்து வைச்சுத் தொடங்கிற கோட்டுக்குப் பின்னால நிண்டு ஒருக்கா முன்னுக்கும் எறியலாம். எறியிறவனுக்குப் பேர் குவாட்டர்பாக். அவனைச் சுத்தி அஞ்சு பெரிய ஆக்கள் மதில் மாதிரி நிப்பினம், அது ஒபென்சிவ் லைன். அந்த மதிலுக்கு நேர முன்னால ஒரு கையை நிலத்தில ஊண்டிக் குனிஞ்சு நிக்கிற மூண்டு பேரோ நாலு பேரோதான் எங்கட ஆக்கள். தொங்கலில நிக்கிறவன் என்ட், உள்ளுக்க நிக்கிறவன் டாக்கிள், பந்துக்கு நேர மூக்கோட மூக்கா நிக்கிறவன் நோஸ் டாக்கிள். பந்து அசைஞ்ச உடன பாய வேணும். குவாட்டர்பாக் பந்தை வைச்சிருக்கிறது பெரும்பாலும் ரெண்டரை மூண்டு செக்கன்தான், அதுக்குள்ள 140 கிலோ ஆளை விலக்கி உள்ளுக்க போகவேணும்.

ஓடி வாறவனை மறிக்கிறது வேற வேலை. எதிர்ப்பக்கத்தில பக்கத்துப் பக்கத்தில நிக்கிற ரெண்டு பேருக்கு நடுவில இருக்கிற இடைவெளிக்கு காப் எண்டு சொல்லுவினம், ஒவ்வொரு லைன்மனுக்கும் ஒரு காப், சில கோச்மார் ரெண்டு காப் குடுப்பினம். இரணைமடு வாய்க்காலில தண்ணி திறந்து விட்டாப் பிறகு வரம்பில ஒரு நண்டோட்டை இருந்தாக் காணும், முழு வயலும் போகும், அதுமாதிரித்தான் ஒருத்தன் தன்ர காப்பை விட்டிட்டுச் சாகசம் காட்டப் போனா அந்த ஓட்டைக்குள்ளால பந்துக்காரன் போயிடுவான். நோஸ் டாக்கிள் எண்டவன் இன்னும் பாவம், அவனுக்கு மேல ரெண்டு பேர் விழுவினம், அவன் அசையாம நிண்டாத்தான் பின்னால நிக்கிற லைன்பாக்கருக்கு வழி கிடைக்கும், பிடிச்சவன்ர பேர் பேப்பரில வரும், ரெண்டு பேரைத் தாங்கி நிண்டவன்ர பேர் வராது. டாம்பா பே ரீமில வீட்டா வேயா எண்டு தொங்கா வம்சத்து ஆள் ஒருத்தர் இருக்கிறார், கிட்டத்தட்ட 157 கிலோ, 2021 பெப்ரவரியில சுப்பர் போல் எண்டுற வருசாந்த இறுதி மச்சை வெண்ட ரீம் அது. அவர் நடுவில நிண்டு என்ன செய்யிறார் எண்டு மட்டும் பாருங்கோ, பந்தைப் பாக்காதேங்கோ.

கேள்வி: சாக் எண்டு அடிக்கடி சொல்லினம், எங்கட நெல்லுச் சாக்கு மாதிரிக் கேக்குது, என்ன அது? (வட்டக்கச்சியில இருந்து ஒரு கமக்காரர்)

ஓம், கேக்கிறது சரிதான், அதே சாக்குத்தான். குவாட்டர்பாக் பந்தை எறியமுந்தி, அவன்ர கோட்டுக்குப் பின்னாலயே வைச்சு விழுத்தினா அதுக்குப் பேர் சாக். லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் ரீமில விளையாடின டீக்கன் ஜோன்ஸ் எண்டவர்தான் இந்தச் சொல்லைப் பரப்பினவர் எண்டு சொல்லுவினம், எதிர்ப்பக்கத்து ஆக்கள் எல்லாரையும் ஒரு சாக்குக்குள்ள போட்டு மட்டையால அடிக்கிற மாதிரி எண்டு அவரே விளக்கம் குடுத்திருக்கிறார்.

அவர்ர கதை எனக்கு மிச்சம் பிடிக்கும். உண்மைப் பேர் டேவிட் ஜோன்ஸ், ரெலிபோன் புத்தகத்தில டேவிட் ஜோன்ஸ் கனபேர் இருக்கினம் எண்டு தானே டீக்கன் எண்டு பேரை மாத்தினவர். புளோரிடாவில கறுப்பின மக்கள் வாழ்ந்த ஈற்றன்வில் எண்ட சின்ன ஊர். கொலிஜில படிக்கேக்க உரிமைப் போராட்டத்தில கலந்துகொண்டதுக்காக ஸ்கொலர்ஷிப்பைப் பறிச்சவங்கள், வேற கொலிஜுக்குப் போனார், 1961ல ட்ராப்ட் எண்டுற ஆள் எடுப்பில 14வது சுற்றிலதான் அவரை எடுத்தவங்கள், அதாவது ஒருத்தரும் கணக்கில எடுக்காத இடம். அங்க இருந்து வந்து, மெர்லின் ஓல்சன், றோஸி கிரியர், லமார் லண்டி எண்ட மூண்டு பேரோட சேந்து நிண்ட நால்வர் அணி, இண்டைக்கும் அந்த நாலு பேரையும் பற்றிக் கதைக்கினம். எதிராளியின்ர தலைக் கவசத்தில உள்ளங்கையால ஓங்கி அடிச்சு ஆள் திகைக்கிற நேரத்தில தாண்டிப்போறது அவர்ர வித்தை, அதை 1977ல தடை செய்தாங்கள், தடை செய்தது சரிதான் எண்டு நான் நினைக்கிறன். கவலை என்னெண்டா சாக்கை உத்தியோகபூர்வமா எண்ணத் தொடங்கினதே 1982ல, அப்ப அவர் ஓய்வு எடுத்து எட்டு வருசம். சொல்லைக் குடுத்த மனிசன்ர பேர் அந்த உத்தியோகபூர்வப் பட்டியலில இல்லை. பழைய படங்களைப் பாத்து எண்ணின ஆக்கள் 173.5 எண்டு கணக்குச் சொல்லினம். அந்த அரைப்புள்ளி என்னெண்டா, ரெண்டு பேர் சேந்து விழுத்தினா ஆளுக்கு அரை.

கேள்வி: இதுவரைக்கும் வந்த ஆக்களில ஆர் பெரிய ஆள்? (புதுக்குடியிருப்பில இருந்து ரெண்டு நண்பர்கள், சண்டை பிடிச்சுப்போட்டுக் கேக்கினமாம்)

கணக்கை மட்டும் பாத்தா புரூஸ் ஸ்மித். பபலோ ரீம் 1985ல முழு நாட்டிலயும் முதல் ஆளா எடுத்தது அவரைத்தான், 19 வருசம் விளையாடி 200 சாக், உத்தியோகபூர்வக் கணக்கில அதுதான் உச்சம். ரெண்டாவது ரெஜி வைட், 198.

நான் ரெஜி வைட் பக்கம். ரெண்டு சாக் குறையத்தானே எண்டு பாத்தாலும் அவர் அந்த 198ஐ ஸ்மித்தை விட நாலு வருசம் குறைய விளையாடி எடுத்தவர், அதுக்கு முதல் வேற லீக்கில ரெண்டு வருசம் விளையாடினது இந்தக் கணக்கில இல்லை. 1987ல வேலைநிறுத்தத்தால சீசன் குறைஞ்சு போச்சு, 12 மச்சில 21 சாக், யோசிச்சுப் பாருங்கோ. 17 வயசில மதபோதகரா ஆனவர், அதால பாதுகாப்பு அமைச்சர் எண்ட கருத்தும் போதகர் எண்ட கருத்தும் சேந்து வாற மாதிரி அவருக்கு மினிஸ்ரர் ஒப் டிபென்ஸ் எண்டு ஒரு பட்டப்பேர். அவர்ர வித்தை என்னெண்டா வெளிப்பக்கத்தால ஓடிச் சுத்திறமாதிரிக் காட்டுவார், மதில்க்காரன் வெளிப்பக்கம் பாரத்தைச் சாய்ப்பான், சாய்ச்ச அந்தக் கணம் ஒரு கையைக் கக்கத்துக்குள்ள குடுத்து வெளிப்பக்கமாத் தூக்கி எறிஞ்சிட்டு உள்ளுக்கால போவார், 130 கிலோ ஆள் பறந்து போறது படத்தில இருக்கு. பலத்தால எறியிறார் எண்டு பாக்கிறவைக்குத் தெரியும், உண்மையில எதிராளி தானே சாஞ்ச பக்கத்துக்குத்தான் எறியிறார், கபடி விளையாடினவைக்கு இது சொல்லாமலே விளங்கும். 1997 ஜனவரியில கிறீன் பே ரீமுக்காக சுப்பர் போல்ல ஒரே மச்சில 3 சாக் எடுத்துக் கோப்பையும் வாங்கினார். ஸ்மித் பாவம், தொடர்ந்து நாலு வருசம் இறுதி மச்சுக்குப் போய் நாலும் தோத்த ரீம், அது அவர்ர பிழை இல்லை.

எங்கட காலத்து ஆள் எண்டா ஆரன் டொனால்ட், அவரைப் பற்றிக் கீழ மல்லாவித் தம்பிக்குச் சொல்லுறன்.

கேள்வி: என்ன சம்பளம்? (வவுனியா, மாங்குளம், விசுவமடு, தருமபுரம்... கனபேர்)

2023ல சான் பிரான்சிஸ்கோ ரீமில நிக் போசா எண்ட டிபென்சிவ் என்ட் அஞ்சு வருசத்துக்கு 17 கோடி டொலருக்குக் கையெழுத்துப் போட்டவர், அதில 12 கோடி 25 இலட்சம் உறுதி எண்டு எழுதிக் குடுத்தது. புதுசா வாற பெடியனுக்கு 2024ல ஆகக் குறைஞ்ச வருசச் சம்பளம் 7 இலட்சத்து 95 ஆயிரம் டொலர். இதைக் கேட்ட உடன வாயைப் பிளக்க வேண்டாம், மிச்சத்தையும் கேளுங்கோ. கோடைகாலப் பயிற்சிக்கு ஒரு ரீம் 90 பேரைக் கூப்பிடும், ஆகஸ்ட் முடிய 53 பேர்தான் மிஞ்சுவினம், இன்னும் 16 பேரளவில பயிற்சிக்கு மட்டும் வைச்சிருப்பினம், அவைக்கு 2024ல தொடக்கச் சம்பளம் கிழமைக்கு 12,500 டொலர், எந்தக் கிழமையும் அனுப்பி விடலாம். கொன்ராக்ட்டில எழுதின தொகை முழுக்கக் கையில வரும் எண்டில்லை, உறுதி எண்டு எழுதாத காசு ஆளை வெட்டி விட்டாப் போச்சு. வீரர்கள் சங்கம் சொல்லுற கணக்கில ஒருத்தர் சராசரியா விளையாடுறது 3 வருசம் சொச்சம். 22 வயசில வந்து 26ல வீட்டில நிக்கிறதுதான் பெரும்பாலான ஆக்களின்ர தொழில் வாழ்க்கை. போசாவின்ர 17 கோடியை யூரியூப்பில பாக்கிற பிள்ளையளுக்கு இந்த 3 வருசத்தையும் சேத்துச் சொல்லுங்கோ.

கேள்வி: என்ர பேரன் ஸ்காபரோவில பள்ளிக்கூட ரீமில இந்த விளையாட்டு விளையாடுறானாம், முன்னுக்கு நிக்கிற ஆளாம். மகள் சந்தோசமாப் படம் அனுப்புறாள், எனக்கு நெஞ்சு இடிக்குது. தலை அடிபடாதோ? (புதுக்குடியிருப்பு அம்மம்மா ஒருவர்)

அம்மா, உங்கட பயம் நியாயமானது, அதை ஆரும் மூடி மறைக்க விடாதேங்கோ. 2017ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தின்ர சஞ்சிகையில பொஸ்ரன் பல்கலைக்கழக ஆக்கள் வெளியிட்ட ஆய்வில, என்.எப்.எல். எண்டுற அமெரிக்கப் பெரிய லீக்கில விளையாடி இறந்துபோன 111 வீரர்களின்ர மூளையைப் பாத்ததில 110ல மூளை தேயிற நோய் இருந்தது. இதைக் கேட்டிட்டு நூறுக்குத் தொண்ணூத்தொன்பது பேருக்கு வரும் எண்டு நினைக்கக்கூடாது. அந்த மூளையளைக் குடுத்தது குடும்பங்கள், அதில கனபேர் வருத்தக் குணம் கண்டு பயந்துதான் குடுத்தவை. ஆனா சின்ன விசயம் எண்டு தள்ளவும் ஏலாது. முக்கியமா முன்வரிசைப் பிள்ளைக்கு ஒண்டு இருக்கு, மயங்கி விழுகிற பெரிய அடி மட்டும் இல்லை, ஒவ்வொரு முறையும் படுற சின்னச் சின்ன இடி வருசக்கணக்கில சேந்து வாறதும் கெடுதல் எண்டுதான் இப்ப சொல்லினம், லைன்மனுக்கு அந்தச் சின்ன இடி கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் விழும்.

ஒரு ஆறுதல், கனடாவில விதி கொஞ்சம் வேற. அங்க 12 பேர், மூண்டு சந்தர்ப்பம்தான், டிபென்சிவ் லைன் பந்தில இருந்து ஒரு யார் தள்ளி நிக்கவேணும், அமெரிக்காவில மாதிரி மூக்குக்கு மூக்கு இல்லை. மகளிட்ட நீங்கள் கேக்கவேண்டியது: கிழமைக்கு எத்தினை நாள் உண்மையான இடியோட பயிற்சி செய்யினம், தலையைத் தாழ்த்தி இடிக்க வேண்டாம் கையால முதல் தொடு எண்டு கோச் சொல்லிக் குடுக்கிறாரோ, தலை அடிபட்டாப் பிள்ளையைத் திரும்ப இறக்கிறது கோச்சோ டொக்டரோ. கடைசிக் கேள்விக்கு கோச் எண்டு பதில் வந்தா உடன நிப்பாட்டச் சொல்லுங்கோ. பிள்ளைக்குத் தலையிடி, வெளிச்சம் கூச்சம், மறதி, நித்திரை குழம்பினா மச்சுக்காக மறைக்க வேண்டாம் எண்டு நீங்களே போனில சொல்லுங்கோ. தாய் சொன்னாக் கேக்காததை அம்மம்மா சொன்னாக் கேக்கிற பிள்ளையள் இருக்கினம், எனக்குத் தெரியும்.

கேள்வி: எப்பவாவது இவையின்ர கையில பந்து வருமோ? (கனகராயன்குளம்)

வரும், விழுந்த பந்தை எடுத்து ஓடுறவை, எறிஞ்ச பந்தைத் தட்டிப் பிடிக்கிறவை. 1986 ஜனவரி சுப்பர் போல்ல சிக்காகோ ரீமின்ர வில்லியம் பெரி, பிரிட்ஜ், அதாவது குளிர்சாதனப் பெட்டி எண்டு பட்டப்பேர், 150 கிலோவுக்குக் கிட்ட, அவரிட்டப் பந்தைக் குடுத்து ஓடவிட்டவங்கள், போய்ப் புள்ளி எடுத்தார்.

கேள்வி: பொம்பிளைப் பிள்ளையள் விளையாடேலாதோ சேர்? (முள்ளியவளை மாணவி)

ஏலும் பிள்ளை. பிளாக் புட்போல் எண்டு ஒண்டு இருக்கு, ஆளை விழுத்துறதில்லை, இடுப்பில தொங்கிற துணியை உருவி எடுத்தாக் காணும், ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது இருக்கு. அதில லைன்மன் இல்லை, ஆனா 7 யார் தள்ளி நிண்டு குவாட்டர்பாக்கைத் துரத்திற ஆள் ஒருத்தர் இருப்பா. கிளித்தட்டு நல்லா விளையாடுற பிள்ளைக்கு உடம்பை வளைச்சு நழுவிற கலை ஏற்கனவே கையில இருக்கு. உங்கட பள்ளிக்கூடத்தில பத்துப் பேர் சேந்தாத் துணிப்பட்டியைத் தைச்சே விளையாடலாம், விதியை நான் எழுதி அனுப்புறன்.

கேள்வி: உடம்பை முதலாப் போட்டுச் செய்யிற தொழில். முப்பது வயசோட முடிஞ்சா மிச்சச் சீவியம் என்ன செய்யிறது? (நெடுங்கேணி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நல்ல கேள்வி, எங்கட தொழில்காரர் கேக்கிற கேள்வி. இதுக்கு எனக்கு ஒரு பேர் காணும், அலன் பேஜ்.

ஒஹாயோ மாநிலத்தில கன்ரன் எண்ட ஊரில பிறந்தவர், இளந்தாரியா இருக்கேக்க அந்த ஊரில இந்த விளையாட்டின்ர புகழ் மண்டபம் கட்டேக்க அத்திவார வேலைக்குக் கூலிக்குப் போனவர். 1967ல மினசோட்டா ரீமுக்கு வந்தார், டாக்கிள். 1971ல முழு லீக்குக்கும் சிறந்த வீரர் விருது, அதுவரைக்கும் மறிக்கிற பக்கத்து ஆள் ஒருத்தருக்கும் அது குடுபட்டதில்லை. ஆனா நான் சொல்ல வந்தது இதில்லை. விளையாடிக்கொண்டே சட்டம் படிச்சார். ஞாயிற்றுக்கிழமை இடிபட்டிட்டுக் கிழமை நாளில வகுப்பு, 1978ல மினசோட்டா பல்கலைக்கழகத்தில சட்டப் பட்டம். அந்த நேரத்தில நீண்டதூர ஓட்டமும் தொடங்கி மெலிஞ்சு போனார், மெலிஞ்சா லைன்மனுக்கு உதவாது எண்டு அதே வருசம் ரீம் அனுப்பி விட்டிட்டுது, சிக்காகோ எடுத்தது, அங்க 1981 வரைக்கும் விளையாடினார். பிறகு சட்டத்தரணி, 1993ல மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி, அந்த நீதிமன்றத்தில முதல் கறுப்பின நீதிபதி அவர்தான், 70 வயசு விதிப்படி 2015ல ஓய்வு. பிள்ளையளின்ர மேற்படிப்புக்கு உதவ அறக்கட்டளை ஒண்டும் நடத்துறார்.

1988ல அவரைப் புகழ் மண்டபத்தில சேத்தவை, இளந்தாரியா மண் வெட்டின அதே கட்டிடம். மேடையில அறிமுகம் செய்யிறதுக்கு வழமையா ஆக்கள் தங்கட பழைய கோச்சைத்தான் கூப்பிடுறவை, இவர் கூப்பிட்டது மினியாபொலிசில ஒரு பள்ளிக்கூடத்தின்ர அதிபர் அம்மாவை. பேசினது முழுக்கப் படிப்பைப் பற்றி. சேர், நாங்கள் 2010ல மெனிக் பாம் முகாமில இருந்து திரும்பி வந்து, கூரை இல்லாத வகுப்புக்கு முன்னால ஒரு வொலிபோலை மட்டும் வைச்சுக்கொண்டு பிள்ளையளைக் கூட்டினபோது இந்த மனிசன்ர கதை எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்.

கேள்வி: எனக்கு 17 வயசு, 6 அடி 1 அங்குலம், 112 கிலோ. வகுப்பில எல்லாரும் குண்டன் எண்டுதான் கூப்பிடுறவங்கள், ஓட்டத்தில கடைசி. நீங்கள் எழுதினதைப் பாத்திட்டு வீடியோ பாத்தன், என்னை மாதிரி ஆக்கள்தான் விளையாடுறாங்கள். எனக்கு இதில வரேலுமோ? அம்மா இல்லை, அம்மம்மாவோட இருக்கிறன். (மல்லாவி)

தம்பி, உங்கட கடிதத்தை மூண்டுதரம் வாசிச்சன். முதல்ல உண்மையைச் சொல்லுறன், மல்லாவியில இருந்து நேர அந்த லீக்குக்குப் போற ரோட்டு இல்லை. பொதுவா அமெரிக்கக் கொலிஜில விளையாடி, பள்ளிக்கூடம் முடிச்சு மூண்டு வருசம் கழிச்சு, ஏழு சுற்று ட்ராப்ட்டில 32 ரீமில ஒண்டு எடுக்கிறதுதான் வழி. வெளிநாட்டாருக்கு எண்டு 2017ல தொடங்கின ஒரு பாதை இருக்கு, இங்கிலாந்திலயும் அவுஸ்திரேலியாவிலயும் பிள்ளையளுக்கு அக்கடமி வைச்சிருக்கினம், அதுக்கும் வேற விளையாட்டில உயர்ந்த மட்டத்தில நிண்டு காட்டினாத்தான் திரும்பிப் பாப்பினம். இதை மறைச்சு உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பேல்ல.

ஆனா எஃபே ஒபாடா எண்ட பேரை எழுதி வையுங்கோ. நைஜீரியாவில பிறந்து, தாயோட நெதர்லாந்துக்குப் போய், பத்து வயசில அவரையும் சகோதரியையும் லண்டனுக்குக் கொண்டு வந்த ஆள் ரோட்டில விட்டிட்டுப் போயிட்டுது. பிறகு வளர்ப்பு வீடு மாறி மாறி. வளந்து சாமான் களஞ்சியத்தில வேலை, செக்கியூரிட்டி வேலை. 21, 22 வயசில சிநேகிதன் ஒருத்தன் கூப்பிட்டு லண்டனில ஒரு கிளப்பில முதல்முறையா இந்த விளையாட்டைத் தொட்டார், அஞ்சே அஞ்சு மச். 2015ல டலஸ் ரீம் பாக்கக் கூப்பிட்டுது, நிலைக்கேல்ல, ஒவ்வொரு ரீமா வெட்டி விட்டுது. 2017ல அந்த வெளிநாட்டுப் பாதையால கரோலினாவுக்குப் போய், 2018ல 53 பேருக்குள்ள வந்தார், அந்தப் பாதையால வந்து இடம் பிடிச்ச முதல் ஆள். முதல் மச்சில ஒரு சாக், எறிஞ்ச பந்து ஒண்டையும் பிடிச்சார், அந்தக் கிழமையின்ர சிறந்த தடுப்பு வீரர் விருது. டிபென்சிவ் என்ட்தான். அம்மா அப்பா இல்லாம வளந்த பிள்ளையள் எங்கட பக்கத்தில எத்தினை பேர் எண்டு உங்களுக்கும் எனக்கும் தெரியும், அதாலதான் இவ்வளவு விபரமா எழுதினன்.

உடம்பைப் பற்றி. உங்கட உயரம்தான் ஆரன் டொனால்டுக்கும், 6 அடி 1 அங்குலம். பிட்ஸ்பேர்க் பெடியன், டாக்கிளுக்கு ஆள் கட்டை எண்டு சொன்னவை, 2014ல 12 பேரை எடுத்துப்போட்டு 13வதாத்தான் எடுத்தவை. தகப்பன் விடிய நாலரைக்கு எழுப்பி நிலக்கீழ் அறையில பாரம் தூக்க வைச்சு வளத்த ஆள். பத்து வருசம் விளையாடி மூண்டுதரம் லீக்கின்ர சிறந்த தடுப்பு வீரர், 111 சாக். 2022 பெப்ரவரி சுப்பர் போல்ல எதிர்ப்பக்கத்துக்குக் கடைசிச் சந்தர்ப்பம், ஒரே ஒரு யார் வேணும், 23க்கு 20, உள்ளுக்க புகுந்து குவாட்டர்பாக்கைப் பிடிச்சுச் சுழட்டினார், பந்து சும்மா விழுந்துது, மச் முடிஞ்சுது. இந்த ஆள் 129 கிலோவோட 40 யாரை 4.68 செக்கனில ஓடினவர். நீங்கள் ஓட்டத்தில கடைசி எண்டு எழுதியிருக்கிறீங்கள், 100 மீற்றரில கடைசியா, முதல் அஞ்சு மீற்றரிலயுமா? லைன்மனுக்கு முதல் அஞ்சு மீற்றர்தான் சீவியம். ஒருத்தரும் அதை உங்களுக்கு அளந்து பாத்திருக்க மாட்டினம்.

ஜே.ஜே. வாட் எண்டவர் பள்ளிக்கூடத்தில ஷொட் புட் எண்டுற இரும்புக் குண்டு போடுறதில மாநிலச் சம்பியன். கொலிஜில வேற இடத்தில விளையாட விட்டவங்கள், பிடிக்கேல்ல, ஸ்கொலர்ஷிப்பை விட்டிட்டு ஊருக்கு வந்து பீட்சா கொண்டுபோய்க் குடுக்கிற வேலை செய்து, பேந்து விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில சம்பளமும் சலுகையும் இல்லாமப் போய்ச் சேந்து லைன்மன் ஆனவர். 2012லயும் 2014லயும் ஒரு சீசனுக்கு 20.5 சாக். 2017ல ஹூஸ்ரனில புயல் வெள்ளம் வந்தபோது 2 இலட்சம் டொலர் சேப்பம் எண்டு தொடங்கி 3 கோடி 70 இலட்சத்துக்கு மேல சேத்துக் குடுத்தவரும் இவர்தான். நான் பிடிக்கிறது அந்தக் குண்டு போடுறதை. குண்டு போடுறவனுக்கு வேணும் எண்டு சொல்லுற இடுப்பு, கால் தள்ளு, முதல் வெடிப்பு, அதே சாமான்தான் லைன்மனுக்கும். உங்கட பள்ளிக்கூடத்தில குண்டு இருக்கும், இருந்தும் உங்களை ஓட்டத்தில விட்டிருக்கினம், அது உங்கட குற்றம் இல்லை.

இப்ப செய்யவேண்டியது. குண்டு, தட்டு, ரெண்டும் பழகுங்கோ, வலயம், மாகாணம் எண்டு போகலாம். கபடி ரீமில மூலையில பிடிக்கிற ஆளா நில்லுங்கோ. பவுடர் ஒண்டும் வாங்க வேண்டாம், முட்டை, மீன், பயறு, அம்மம்மா அவிச்சுத் தாறது காணும். ஏ.எல். பாடத்தையும் இங்கிலிசையும் விடாதேங்கோ, வெளிநாட்டுக் கொலிஜ் எண்டாலும் உள்நாட்டுக் கம்பஸ் எண்டாலும் அதுதான் கதவு. இரவில குறட்டை கனக்க விட்டு விடியக் களைப்பா எழும்பினா டொக்டரிட்டக் காட்டுங்கோ. ரெஜி வைட்டுக்கு நித்திரையில மூச்சுத் தடைப்படுற வருத்தம் இருந்தது, 43 வயசில போயிட்டார், பெரிய உடம்புக்காரர் அதை அசட்டை செய்யக்கூடாது.

மாசத்தில ரெண்டாம் சனிக்கிழமை நான் மல்லாவிக்குத் தங்கச்சி வீட்ட வாறனான். காலமை ஆறரைக்குப் பள்ளிக்கூட கிரவுண்டுக்கு வாங்கோ, அதிபரிட்ட நான் கதைக்கிறன். குண்டும் ஸ்ரொப்வோச்சும் நான் கொண்டு வாறன், முதல் அஞ்சு மீற்றரை அளந்து பாப்பம். சப்பாத்து இல்லாட்டிப் பரவாயில்லை, வெறுங்காலோட வாங்கோ.